பல்லிக்கு விஷம் உண்டா?

இரவில் விளக்கைப் போடுகிறோம். பூச்சிகள் பறந்து வருகின்றன. அவற்றைத் தின்னப் பல்லியும் வந்துவிடுகிறது. சுவரில் ஏறுகிறது. கூரையில் தலைகீழாக ஓடுகிறது. கீழே விழுவதில்லை. எப்படி?

அதன் காலில் பசை ஏதும் இல்லை. விரல்களின் அடியில் மிக மெல்லிய மயிர்கள் ஏராளமாக இருக்கின்றன. அவை நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த மயிர்கள் சுவரை மிக நெருங்கித் தொடுகின்றன. அவ்வளவு நெருங்கும்போது சுவருக்கும் மயிருக்கும் இடையே ஒரு சிறு இழுப்பு உண்டாகிறது. ஒரு மயிரின் இழுப்பு அற்பம்தான். எல்லாம் சேர்ந்து பல்லியைத் தாங்கிவிடுகின்றன.

பூனை பாய்ந்தால் பல்லி வாலை விட்டுவிட்டு ஓடும். அறுந்த வால் துள்ளும். பூனை அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு புது வால் முளைக்கும். அதில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான் இருக்கும். பல்லி கொழுப்பைச் சேர்த்து வைப்பதும் வாலில்தான். அதனால் வால் போவது அதற்குப் பெரிய நட்டம்.

பல்லிக்கு விஷம் இல்லை. அப்படியானால் பல்லி விழுந்த பாலை ஏன் கொட்டுகிறோம்? கொட்டத்தான் வேண்டும். பல்லியின் உடலிலும் எச்சத்திலும் கிருமிகள் இருக்கும். வாந்தி, பேதி வரலாம். காரணம் கிருமி, விஷம் அல்ல.

அரணை கடித்தால் மரணம் என்பார்கள். அதுவும் பொய். அரணையின் உடல் பளபளப்பாக இருக்கும். பாம்பைப் போல நெளிந்து ஓடும். அதனால் வந்த பயம் இது. வட இந்தியக் கிராமங்களில் உடும்புக் குட்டியைக் கண்டு இப்படித்தான் பயப்படுகிறார்கள். 'பிஸ்கோப்ரா' என்று சொல்லி அடித்துக் கொல்கிறார்கள். கடித்து ஆளைக் கொல்லும் பல்லி இனம் நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடித்தது எது என்று சரியாகத் தெரியாவிட்டால், அது பாம்பாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல்லி, அரணை, ஓணான், பச்சோந்தி, உடும்பு எல்லாம் சொந்தக்காரர்கள். உலகில் இவற்றில் 7,000 வகைக்கு மேல் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பறக்கும் ஓணான் இருக்கிறது. அதன் விலா எலும்புகள் நீண்டவை. அவற்றின் மேல் தோல் குடை போல விரியும். மரத்துக்கு மரம் மிதந்து போகும்.

ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வேறொரு வகை இருக்கிறது. அதன் பெயர் சாண்டா. வால் முழுதும் முள். அது புல்லும் இலையும் தின்னும். வளை தோண்டி வாழும். குளிர்காலத்தில் வெளியே வராது. அதுவரை தாங்க வாலில் கொழுப்பு வேண்டும். அந்தக் கொழுப்பே அதற்கு எமன். வளையைத் தோண்டிப் பிடிக்கிறார்கள். ஓடாமல் இருக்க முதுகை முறிக்கிறார்கள். கொழுப்பை உருக்கி, மூட்டு வலி தீரும் என்று விற்கிறார்கள். சந்தையில் காசு கொடுத்து வாங்குபவருக்குக் கிடைப்பது வெறும் கொழுப்புதான்.

உடும்பையும் கறிக்காகவும் தோலுக்காகவும் பிடிக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. உடும்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்க வேண்டாம். கதவைத் திறந்து வைத்து விலகி நின்றால் தானே போய்விடும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லலாம்.