பதவி போன ஆண்டில் கிடைத்த முத்து!

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில், சாரல் ஓய்ந்த மாலை நேரத்தில் பந்து போடும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். பும்ரா, ஷமி, சிராஜ் என்று வேகப்பந்து வீச்சாளர்களின் பெயர்களை மளமளவென்று ஒப்புவிப்பார்கள்.

"சரி தம்பி, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்?" என்று கேளுங்கள். பேச்சு நின்றுவிடும்!

அவர் பெயர் பரத் அருண். தமிழ்நாட்டு அணிக்காக ஆடியவர். இந்திய அணியின் பந்து வீச்சுப் பயிற்சியாளராக இருந்தவர்.

மூட்டை கட்டும் உத்தியோகம்

அமெரிக்காவில் ஒரு கால்பந்து ஆட்டம் உண்டு. பெயர்தான் கால்பந்து. பெரும்பாலும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள்! அங்கே ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். அவருக்குக் கீழே பத்துப் பேருக்கு மேல் உதவிப் பயிற்சியாளர்கள். பந்தை எறிகிறவருக்கு ஒருவர், பிடிக்கிறவர்களுக்கு ஒருவர், தடுக்கிறவர்களுக்கு ஒருவர். தலைவருக்கு வேலை போனால், பெரும்பாலும் இவர்களும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

இந்தியக் கிரிக்கெட்டிலும் இன்று அதே ஏற்பாடுதான். வென்றால் மாலை வீரர்களுக்கு. தோற்றால் "பயிற்சியாளர் என்ன செய்தார்?" என்ற கேள்வி இவர்களுக்கு!

இரண்டே டெஸ்ட்

அருண் 1962-ம் ஆண்டு விஜயவாடாவில் பிறந்தார். 1986-ம் ஆண்டு டிசம்பரில், கான்பூரில், இலங்கையை எதிர்த்து முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினார். மொத்தம் ஆடியது 2 டெஸ்ட். எடுத்தது 4 விக்கெட். அத்தோடு சரி.

1987-88-ல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் அவரும் இருந்தார். பிறகு பயிற்சித் துறைக்கு வந்தார். 2012-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, அந்த இளைஞர்களின் பயிற்சியாளர் அவரே.

2014-ல் ரவி சாஸ்திரி இந்திய அணியின் இயக்குநரானார். அருண் பந்து வீச்சுப் பயிற்சியாளர் ஆனார். 2016-ல் சாஸ்திரியின் பதவிக்காலம் முடிந்தது. அனில் கும்ப்ளே வந்தார். அருணின் பதவியும் போயிற்று!

ஆட்டோ ஓட்டுநரின் மகன்

அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஐதராபாத் ரஞ்சி அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். அங்கே ஒரு வாலிபர் வேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்தார். தந்தை ஆட்டோ ஓட்டுநர். வாலிபரின் பெயர் முகமது சிராஜ்.

2016-17 பருவத்தில் சிராஜ் எடுத்த விக்கெட்டுகள் 41. தம் முன்னேற்றத்துக்குக் காரணமானவர் என்று அருணின் பெயரைச் சிராஜே பலமுறை சொல்லியிருக்கிறார்.

2017-ல் சாஸ்திரி தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அருணைத் தம்முடன் கேட்டார். ஆனால் ஆலோசனைக் குழு சிபாரிசு செய்தது ஜாகீர் கானை! "இரண்டு டெஸ்ட் ஆடியவர் என்ன கற்றுக்கொடுப்பார்?" என்றுகூடச் சிலர் கேட்டார்கள். கடைசியில் ஜூலை மாதம் அருணே நியமிக்கப்பட்டார்.

பதில் மைதானத்தில் கிடைத்தது. 2018-ம் ஆண்டில் பும்ரா, ஷமி, இஷாந்த் மூவரும் டெஸ்டுகளில் 136 விக்கெட் எடுத்தனர். 2019 ஜனவரியில், ஆஸ்திரேலிய மண்ணில் முதன்முறையாக இந்தியா டெஸ்ட் தொடரை வென்றது.

ஜூலையில் பிறந்த யோசனை

அடுத்த ஆஸ்திரேலியப் பயணம் 2020 டிசம்பரில். அதற்கான யோசனை ஜூலையிலேயே பிறந்துவிட்டது! சாஸ்திரி அருணை அழைத்து, "ஆஸ்திரேலியர்கள் ஆப் பக்கம் ஓட்டம் எடுக்கக் கூடாது" என்ற கருத்தில் பேசினார். ஸ்டம்பை நோக்கி நேராக வீசுவது, லெக் பக்கம் ஆட்களை நிறுத்துவது என்று திட்டம் உருவானது. ஸ்மித்துக்கும் லபுஷேனுக்கும் அதுதான் வலை.

அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களில் சுருண்டது. ஊரே சிரித்தது. ஆனால் மெல்போர்னில் வெற்றி, சிட்னியில் டிரா. பும்ரா, ஷமி, உமேஷ், அஸ்வின், ஜடேஜா என்று ஒவ்வொருவராகக் காயமடைந்தனர்.

கடைசிப் பந்தயம் பிரிஸ்பேனில். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே தோற்றதில்லை. வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக அணியுடன் தங்கவைக்கப்பட்ட நடராஜன் களத்தில் இறங்கினார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர்; ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். சென்னை வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமானார். முதல் இன்னிங்சில் இருவரும் ஆளுக்கு 3 விக்கெட்!

சிராஜ் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது, நவம்பரில், அவர் தந்தை இறந்துபோனார். ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கினார் மகன். பிரிஸ்பேனில் இரண்டாவது இன்னிங்சில் 73 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் சாய்த்தார். 2021 ஜனவரி 19-ம் தேதி இந்தியா 3 விக்கெட்டில் வென்றது.

அதே ஆண்டு நவம்பரில் சாஸ்திரி விலகினார். அருணும் கூடவே விலகினார். உதவிப் பயிற்சியாளரின் விதி அது! பிறகு கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணிக்குப் போனார். 2024-ல் அந்த அணி ஐ.பி.எல். கோப்பையை வென்றது.

பதவியில் இருந்த காலத்தில் அவர் செய்தது எல்லாம் கணக்கில் இருக்கிறது. ஆனால் பிரிஸ்பேனில் கோட்டையைத் தகர்த்த சிராஜை அவர் பட்டை தீட்டியது, கையில் பதவி இல்லாத ஆண்டில்தான்!