சாக்லேட் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வீட்டிலேயே செய்யுங்கள்!

பிறந்தநாளா, சாக்லேட். பரீட்சையில் நல்ல மார்க்கா, சாக்லேட். ஊரிலிருந்து மாமா வந்தாலும் சாக்லேட்தான்! இப்படிப் பழக்கிவிட்டுப் பிள்ளைகளிடம் திடீரென்று "தொடாதே, பல் சொத்தையாகும்" என்றால் கேட்பார்களா? தடுப்பதைவிட, நாமே நல்லதாகச் செய்து கொடுப்பது மேல்.

கோகோவில் குற்றமில்லை. அது கசப்பான ஒரு கொட்டை, அவ்வளவுதான். 1960-களில் கேரளத்து வயநாட்டில் பயிரிடத் தொடங்கினார்கள். இன்று நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலிலேயே விளைகிறது. காய் கிளை நுனியில் தொங்காமல், பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். உள்ளிருக்கும் விதையைப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து அரைக்கிறார்கள். வம்பெல்லாம் அதனுடன் சேரும் சர்க்கரையிலும் கொழுப்பிலும்தான்.

அடுத்தமுறை கடையில் வாங்கும்போது உறையின் பின்பக்கம் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. பல சாக்லேட்டுகளில் முதலில் இருப்பது சர்க்கரை! மலிவு ரகங்களில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். 'டிரிங்கிங் சாக்லேட்' என்று விற்பதும் கோகோ பவுடர் அல்ல. அதில் சர்க்கரை கலந்திருக்கும். 'சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர்' என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் அடிக்கடி செய்யும் இரண்டு:

பேரீச்சை கோகோ உருண்டை: வேர்க்கடலை ஒரு கப் வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியில் கொரகொரப்பாகப் பொடியுங்கள். கொட்டை எடுத்த மெத்தென்ற பேரீச்சம்பழம் 20, கோகோ பவுடர் 2 டேபிள் ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை சேர்த்து விட்டு விட்டு ஒரு சுற்று சுற்றி, 20 உருண்டை பிடியுங்கள். சர்க்கரையும் வேண்டாம், கடலையை வறுத்தபின் அடுப்பும் வேண்டாம். ஆளுக்கு ஒன்று என்றால் ஒரு பேரீச்சம்பழம்தான் கணக்கு. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வறுத்த எள் போட்டுச் செய்யலாம்.

கேழ்வரகு சாக்லேட் புட்டிங்: கேழ்வரகு மாவு 3 டேபிள் ஸ்பூன், கோகோ 1 டேபிள் ஸ்பூன் இரண்டையும் அரை கப் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரை கப் பால் கொதித்ததும் இதை ஊற்றி, சிறு தீயில் பச்சை வாசனை போகக் கிளறி இறக்குங்கள். கருப்பட்டி 3 டேபிள் ஸ்பூன் தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, புட்டிங் வெதுவெதுப்பாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். அடுப்பில் கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரிந்துவிடும். கிண்ணத்தில் ஊற்றிக் குளிரவைத்தால் நாலு பேருக்கு வரும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

தேங்காய் எண்ணெயில் கோகோவைக் கலந்து 'பார்' செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் சென்னை வெயிலுக்கு அது சரிவராதுங்க! தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழியில்தானே பாட்டிலில் உறைகிறது? கோகோ வெண்ணெய் உருக 34 டிகிரி போல ஆகும். கடை சாக்லேட் கையில் நிற்பதும் வாயில் கரைவதும் அதனால்தான். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வழியும் பாரைவிட, டிபன் டப்பாவில் வைத்தனுப்ப உருண்டைதான் நல்லது.

முக்கியமான ஒன்று. "வெல்லம்தானே, கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள். இரும்பு முதலிய சத்துகள் கொஞ்சம் இருந்தாலும், வெல்லமும் கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பேரீச்சையும் அப்படியே. என் மாமியாருக்கு இந்த வியாதி உண்டு. வீட்டில் எல்லோரும் சாப்பிட அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பாவமாக இருக்கும். அவருக்கு இனிப்பே போடாமல், பாலில் அரை ஸ்பூன் கோகோவும் ஒரு துண்டு பட்டையும் போட்டுக் காய்ச்சித் தருகிறேன். "காபி மாதிரி இருக்குடி" என்று குடித்துவிடுவார்.

நமக்கும் அளவு உண்டு. சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் சேர்ந்து பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. காலை காபியிலிருந்தே எண்ணிப் பாருங்கள், தூக்கிவாரிப் போடும்!

கோகோவில் காபியில் உள்ளதுபோல் தூக்கத்தைக் கெடுக்கும் பொருளும் கொஞ்சம் இருப்பதால், பிள்ளைகளுக்கு மாலை டிபனோடு கொடுத்துவிடுங்கள், ராத்திரி வேண்டாம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் ஒரு துண்டுகூட அதற்குப் போடக் கூடாது. நாய்க்கு கோகோ விஷம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உருண்டையைச் செய்து பாருங்கள் தோழிகளே. பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். தானே பிடித்த உருண்டையை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

- ஓர் இல்லத்தரசி, கள்ளிக்குப்பம், சென்னை-53.