கலவை இயந்திரம் வாங்குமுன்

பழனி மலைத்தொடரின் விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேரும் பழனிப் பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. தண்ணீர் சேராத கெட்டிக் கலவை இது. ஆகவே வேகமான மோட்டாரைவிட, மெதுவாகச் சுழன்று நன்கு இழுக்கும் மோட்டாரே ஏற்றது.

பழப்புளிப்பு பித்தளையைக் களிம்பேற்றும். பாத்திரமும் துடுப்பும் 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உண்டு. உப்பு மிகுந்த ஊறுகாய்க்கு மாலிப்டினம் கலந்த 316 நல்லது.

காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் ரகத்தைக் குறிக்கச் சொல்லி, ஆலையின் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

மரையிடுக்கில் தங்கும் பாகு புளித்துவிடும். கழற்றிக் கழுவக்கூடிய கிளாம்ப் இணைப்பும், உணவுக்கேற்ற சிலிக்கோன் வாஷரும் தேவை. சரக்கு கெட்டால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர் அல்ல, நாம்தான்!