கோட்டை விட்டவர் பெயரில் ஒரு கோட்டை

1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில், ஜார்ஜ் வாஷிங்டனிடம் தம் படையோடு சரணடைந்தார் கார்ன்வாலிஸ் பிரபு. ஐந்தே ஆண்டுகளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆகிவிட்டார். பினாங்கின் பாடாங் கோத்தா லாமாவில் காற்று வாங்கப் போகிறவர்கள் சுற்றிவரும் கோட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது. தோற்றவருக்குக் கோட்டை!

ஊரின் பெயரும் இதே வகை. அமெரிக்கா கைவிட்டுப் போனதை 1783இல் ஒப்புக்கொண்ட மூன்றாம் ஜார்ஜுக்காக 1786இல் இங்கே வந்திறங்கிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் சூட்டியதுதான் ஜார்ஜ் டவுன். (சென்னைக்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டாம், அவர்களுடையது ஐந்தாம் ஜார்ஜின் பெயர், நம்முடையதைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் இளையது.) நியூயார்க்கில் 1776இலேயே மூன்றாம் ஜார்ஜின் சிலையை இழுத்துத் தள்ளினார்கள். ஆனால் இரண்டாம் ஜார்ஜின் பெயர் தாங்கிய ஜார்ஜியாவை அமெரிக்கர்கள் மாற்றவில்லை. சிலையைச் சாய்ப்பது எளிது. வாயில் பழகிய பெயரை என்ன செய்வது?

மூன்றாம் ஜார்ஜ் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. லைட் இறங்கிய முனைக்கு மலாய்க்காரர்கள் வைத்திருந்த பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா, நம் ஊர்க் கடற்கரைப் புன்னையேதான். தீவுக்குப் பெயர் தந்த பினாங், பாக்கு மரம்.

தெருக்களுக்குள் நுழைந்தால் தமிழர் கதை தொடங்குகிறது. சூலியா ஸ்ட்ரீட், தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தெரு. முன்பு அது மலபார் ஸ்ட்ரீட். தமிழரையும் மலபாரிகள் என்றே வெள்ளையர் அழைத்த காலம் அது. பிட் ஸ்ட்ரீட், 1801இல் கப்பித்தான் கெலிங் எனப்பட்ட காதிர் மொகிதீன் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரைப் பெற்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ஆனது. பிரிட்டிஷ் பிரதமர் பிட் போய்த் தமிழ் வணிகர் வந்தார். ஆனால் இந்தியரைக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல் தமிழர் காதில் இன்றும் உறுத்துகிறது. ஸ்காட் ரோடு, நகரின் முதல் மேயர் டி.எஸ். ராமநாதனின் பெயரை ஏற்றது.

எனக்குப் பிடித்தது 'காட்'. கடலோரப் பலகைகளில் காட் லெபு சூலியா, காட் லெபு கெரேஜா என்று இருக்கும். காசியில் கங்கைக் கரைப் படித்துறையைக் குறிக்கும் அதே சொல். 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ துறைமேடையைக் கட்டியபோது தெருக்களும் கடலைத் துரத்திக்கொண்டு நீண்டன. நீண்ட துண்டுகளுக்கெல்லாம் இந்தப் பெயர்.

பலகைக்கு வராத பெயர்களும் உண்டு. லெபு பாசார் நமக்குக் கடைத்தெரு. வாட்டர்ஃபால் ரோடு, ஜாலான் கெபுன் புங்கா ஆகிவிட்டது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் இரண்டையும் சொல்வதில்லை. அவருக்கு அது தண்ணீர்மலை.