உங்களுக்குத் தெரியுமா? கந்தகமும் கண்ணாடியாகும்!

மம்சாபுரத்துக்காரர்களுக்குக் கந்தகம் புதிதல்ல. பக்கத்துச் சிவகாசியின் தீக்குச்சி மருந்திலும் பட்டாசிலும் இருப்பது அதுதான். அந்த மஞ்சள் பொடிக்குள் எட்டெட்டு அணுக்கள் வளையமாகக் கோத்திருக்கின்றன. உருக்கி 159 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வளையங்கள் அறுந்து நீண்ட சங்கிலிகளாகும்.

அந்தச் சங்கிலிகளுக்கு இடையே ஆர்சனிக் சேர்ந்தால் சிவந்த சல்பைடு கண்ணாடி பிறக்கிறது. இதில் ஒவ்வொரு ஆர்சனிக் அணுவும் மூன்று கந்தக அணுக்களைப் பற்றியிருக்கும். ஒவ்வொரு கந்தகமும் இரண்டு ஆர்சனிக்கை இணைக்கும். அண்டை அணுக்களிடையே இந்த ஒழுங்கு உண்டு. சற்றுத் தள்ளிப் போனால், படிகத்தில் இருப்பதுபோலத் திரும்பத் திரும்ப வரும் வரிசை கிடையாது.

இந்தக் கண்ணாடியில் சராசரியாக ஓர் அணுவுக்கு 2.4 பிணைப்புகள். இது அழகான எண்! அதற்குக் குறைந்தால் வலைப்பின்னல் நெகிழும், மிஞ்சினால் விறைக்கும் என்று 1979-இல் ஜே.சி. பிலிப்ஸ் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த கருத்து இது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஈ.எஸ். ராஜ கோபாலும் எஸ். அசோகனும் சகாக்களும் கந்தகத்தின் உறவான செலினியம், டெல்லூரியக் கண்ணாடிகளை உயர் அழுத்தத்தில் ஆராய்ந்து, 1989-இல் இந்த எல்லையைப் பற்றி எழுதினார்கள். இவற்றில் சேரும் ஜெர்மேனியம் 20 சதவீதமாகும்போது சராசரி அதே 2.4!

ஜன்னல் கண்ணாடி மறிக்கும் அகச்சிவப்பு வெப்பக் கதிர்களை ஆர்சனிக் சல்பைடு சுமார் 11 மைக்ரோமீட்டர் வரை விட்டுவிடுகிறது. கனத்த அணுக்களும் தளர்ந்த பிணைப்புகளும் மெதுவாக அதிர்வதே காரணம். அதனால்தான் அகச்சிவப்புக் கருவிகளின் லென்ஸ்களில் இதற்கு இடம் கிடைத்தது.