சாண்ட்விச் கிரில்: சூடு முழுசா ஆறுறதுக்குள்ள துடைச்சிடுங்க

சாண்ட்விச் சாப்பிட்டதும் கிரில்லை அப்படியே மூடி வெச்சிடறோம். மறுநாள் காய்ஞ்ச சீஸை ஸ்டீல் நாரால சுரண்டுறோம். பிளேட்டோட ஆயுசு அங்கதான் போகுது.

பெரும்பாலான நான்-ஸ்டிக் பிளேட்டுகளில் இருப்பது பி.டி.எஃப்.இ. பூச்சு, டெஃப்லான் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1938-ல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் இது. எதுவும் ஒட்டாதுதான், ஆனா மெல்லிசு, கீறல் தாங்காது. கீறின இடத்துல அடுத்த தடவை சீஸ் இன்னும் கெட்டியா பிடிக்கும். மறுபடி சுரண்டுவோம்.

அப்போ என்ன செய்யலாம்? முதல்ல பிளக்கைக் கழட்டுங்க. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், பிழிஞ்ச ஈரத்துணியை நடுவுல வெச்சு மூடி அஞ்சு நிமிஷம் விடுங்க. கறை இளகிடும், மரக்கரண்டியால தள்ளினாலே வந்துடும். பிசுக்கு இருந்தா ஸ்பான்ஜ்ல ஒரு சொட்டு டிஷ்வாஷ் போதும்.

கொதிக்கிற பிளேட்ல பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க, வளைஞ்சிடலாம். கிரில்லை சிங்க்ல முக்கவே கூடாது. உள்ளே கரண்ட் சமாச்சாரம் இருக்கு. ஸ்ப்ரே எண்ணெயும் வேண்டாம். அதுல பலதுலயும் இருக்கிற லெசித்தின் சூட்டுல பிசின் மாதிரி படிஞ்சிடும். பிரஷ்ல தொட்டு ரெண்டு சொட்டு சமையல் எண்ணெய் தடவினாலே போதும்.