உங்களுக்குத் தெரியுமா? மேடையில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள்

• 1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திய செவர்லே கார்வெட், மக்களின் மனநிலை அறிய வைத்த ஒரு கான்செப்ட் கார்தான். கூட்டம் மொய்த்தது. ஜூன் 30-ஆம் தேதியே தயாரிப்பு தொடங்கிவிட்டது. முதல் வருடம் 300 கார்கள், அத்தனையும் வெள்ளை.

• அந்த நிறுவனத்தின் டிசைன் தலைவர் பில் மிட்செல், கடலில் தான் பிடித்த மாகோ சுறாவைப் பாடம் செய்து மாட்டி வைத்திருந்தார். 1961-இன் மாகோ ஷார்க் கான்செப்ட் காருக்கு அதே நிறம் வேண்டும் என்றார்: முதுகு கருநீலம், கீழே இறங்க இறங்க வெளுப்பு. பெயின்ட் கலந்து கலந்து ஓய்ந்த ஆட்கள், கடைசியில் ஒரு ராத்திரி மீனை இறக்கி, காரின் நிறத்தை மீனுக்கு அடித்து மாட்டிவிட்டார்களாம். அப்புறம்தான் மனிதர் திருப்திப்பட்டார் என்பது டெட்ராய்ட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1965-இல் வந்த இரண்டாவது ஷார்க்கின் புடைத்த மட்கார்டும் ஒடுங்கிய இடுப்பும் 1968 கார்வெட்டில் அப்படியே இறங்கின. சுறாவின் பெயர் மட்டும் வரவில்லை. அடுத்த வருடம் வண்டியின் பக்கவாட்டில் ஏறியது திருக்கை மீனின் பெயர்: ஸ்டிங்ரே.

• 1970-இல் டூரினில் காட்டப்பட்ட ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ கான்செப்ட் காரின் உயரம் 84 சென்டிமீட்டர்தான். பக்கத்தில் கதவே கிடையாது. முன்கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே இறங்க வேண்டும். அதன் பெயரைச் சுமந்த லான்சியா ஸ்ட்ராட்டோஸ் 1974, 75, 76 என மூன்று வருடமும் உலக ராலி பட்டம் வென்றது.

• ஸீரோவை வரைந்த மார்செல்லோ காண்டினியின் இன்னொரு படைப்பு, 1971-இல் ஜெனிவாவுக்கு வந்த மஞ்சள் நிற லம்போர்கினி கூன்டாச். கத்தியால் சீவியது போன்ற உடம்பு. சாலையில் ஓட்டிப் பார்த்தபோது இன்ஜின் சூடு தாங்கவில்லை. 1974-இல் விற்பனைக்கு வந்தபோது கதவுகளில் பள்ளங்களும், தோளில் காற்றுப் பெட்டிகளும் முளைத்திருந்தன. கோடு கெட்டுவிட்டது என்பார் உண்டு. அந்த முரட்டுத்தனம்தான் அதன் அழகு என்பேன். ஜெனிவாவில் நின்ற மஞ்சள் கார் பாதுகாப்புச் சோதனையில் மோதி நொறுக்கப்பட்டுவிட்டது.

• ஆடி டிடி 1995 ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்தது. 1998-இல் கடைக்கு வந்தபோது கண்ணில் பட்ட பெரிய மாற்றம், பக்கவாட்டில் கதவுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு சிறு ஜன்னல்.

• ஃபோர்டு மஸ்டாங் நேர் எதிர். 1962 மாதிரியில் இரண்டே இருக்கை, இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். 1964-இல் வந்த மஸ்டாங்கில் நாலு இருக்கை, இன்ஜின் முன்னால். மிஞ்சியது பெயரும், ஓடும் குதிரைச் சின்னமும், பக்கவாட்டுக் காற்றுத் துளையும். முதல் காரில் அந்தத் துளை ரேடியேட்டருக்குக் காற்று கொடுத்தது. இரண்டாவதில் அது வெறும் அலங்காரம்.